நோரீனுக்கு அடைத்த தோட்டா

மெரில் ஸ்டோக்கிக்கு உறுதியாகத் தெரிந்த விஷயங்கள் குறைவு. பனி தள்ளும் லாரியை எந்த வளைவில் மெதுவாக்க வேண்டும் என்பது தெரியும். தான் அடைத்த ஒவ்வொரு தோட்டாவுக்குள்ளும் என்ன இருக்கிறது என்பது தெரியும். மற்றபடி கடவுள், தேர்தல், ஒரே மகள் கார்லா ஏன் நகரத்துக்குப் போய் யோகா சொல்லிக்கொடுக்கிறாள் என்பதிலெல்லாம் அவர் கருத்துச் சொல்வதில்லை. கேட்டால் தொப்பியைச் சரிசெய்துகொள்வார். பிக் ஹோல் பள்ளத்தாக்கில் அதுவும் ஒரு பதில்தான்.

தோட்டா அடைப்பது அந்தப் பக்கத்தில் வீட்டு வேலை மாதிரி. கடையில் பெட்டி பெட்டியாகக் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் கடைத் தோட்டா ஆயத்தச் சட்டை போன்றது. எல்லாருக்கும் பொதுவாகத் தைத்தது, யாருக்கும் சரியாகப் பொருந்தாதது. அதனால் சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து கழுவி, அடியில் தீப்பொறி கிளப்புகிற புது ப்ரைமர் பதித்து, தராசில் நிறுத்த வெடிமருந்துப் பவுடரைக் கொட்டி, வாயில் குண்டை வைத்து அழுத்தி மூடுவார்கள். எந்தக் குண்டு, எவ்வளவு வெடிமருந்து என்பதெல்லாம் துப்பாக்கியையும் அதைத் தாங்குகிற தோளையும் பொறுத்தது. எல்க் வேட்டைக்கு என்றால் யோசனை இன்னும் கூடும். குதிரை உயரம் நிற்கிற மான் அது. குண்டு தப்பான இடத்தில் பட்டால் இரண்டு மலை தாண்டி ஓடி, எங்கோ ஒரு புதரில் படுத்து, மெல்ல மெல்லச் சாகும். அப்படி ஒன்றைத் தவறவிட்டு வந்தவனை ஊர் ஒதுக்கி வைப்பதில்லை. அவனுக்கே கொஞ்ச நாளைக்கு யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காது.

இந்த வேலையில் எழுதாத கட்டுப்பாடு இரண்டு உண்டு. பெட்டி மேல் ஒட்டிய நாடாவில் எழுதியிருப்பதுதான் பெட்டிக்குள் இருக்க வேண்டும். இன்னொன்று, அடுத்தவன் அடைத்த தோட்டாவைச் சுடக்கூடாது. வெடிமருந்து கூடிப்போனால் துப்பாக்கியே வெடிக்கும், அதுவும் கன்னத்தை ஒட்டி. ஒருவர் அடைத்ததை இன்னொருவர் வாங்கிப் போடுகிறார் என்றால், தன் முகத்தையே அவர் கையில் கொடுக்கிறார் என்று அர்த்தம்.

மெரிலின் மனைவி நோரீன் அப்படித்தான் கொடுத்தாள், கல்யாணத்துக்கு முன்பே. அப்போது மெரில் அவளுடைய அப்பாவின் பண்ணையில் வைக்கோல் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒருநாள் மதியம் எல்லாரும் தகர டப்பாக்களை வைத்துச் சுட்டு விளையாடியபோது, நோரீனிடம் தோட்டா தீர்ந்துபோனது. மெரில் சட்டைப்பையிலிருந்து தன்னுடையதில் ஒன்றை எடுத்து நீட்டினார். அது சும்மா மரியாதைக்கு, யாரும் வாங்கமாட்டார்கள். அவளோ வாங்கி, உள்ளே தள்ளி, கன்னத்தை ஒட்டி வைத்துச் சுட்டாள். அவள் அப்பா வேலிமேல் வைத்திருந்த காபியைக் கொட்டிவிட்டார். தன்னை ஒரு பெண் ஏற்றுக்கொண்டாள் என்று மெரிலுக்கு விளங்க அதற்கப்புறமும் ஒரு மாதம் பிடித்தது. மனிதர் அவ்வளவு சுறுசுறுப்பு.

அன்றிலிருந்து முப்பது வருஷத்துக்கு மேலாக நோரீன் மெரில் அடைத்ததைத்தான் சுட்டாள். கனமான குண்டு, நல்ல உதை. அவள் அப்பாவின் பழைய துப்பாக்கியில் அது கச்சிதமாகப் போகும். முந்நூறு கஜத்தில் நிற்கிற எல்க்கின் நெஞ்சில் கொண்டுபோய் வைப்பாள். வீட்டில் வருஷம் முழுக்க அந்தக் கறிதான். மெரிலும் வேட்டைக்குப் போவார்; ஆனால் ஃப்ரீஸரை நிரப்புவது பெரும்பாலும் நோரீன்தான் என்பதை அவர் மறைத்ததில்லை.

இந்த வருஷம் ஏப்ரலில் புற்றுநோய் என்று அவளுக்கு வலது மார்பை எடுத்துவிட்டார்கள். தையல் அக்குள் வரை ஓடியது. கோடை முழுக்க நோரீனுக்கு வலியைவிடப் பெரிய தொல்லை, அக்கம்பக்கத்தாரின் அன்பு. அவள் கையிலிருந்து வாளியைப் பிடுங்கினார்கள். விறகை எடுத்துப்போய் அடுக்கினார்கள். தம்பி டுவெய்ன் அவளைத் தன் கோவேறு கழுதைகளுக்குச் சேணம் கட்டக்கூட விடவில்லை. பாத்திரம் பாத்திரமாக நூடுல்ஸ் வந்தது. இன்னும் ஒருத்தர் தன்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரித் தூக்கினால் கடித்துவிடுவேன் என்று அவள் சொல்லிவைத்திருந்தாள்.

அதே வருஷம் அவளுக்குப் பெட்டை எல்க் ஒன்று அடிக்க அரசாங்கக் குலுக்கலில் அனுமதிச் சீட்டு விழுந்தது. மெரில் மெதுவாகப் பேச்செடுத்தார். கார்லா சின்ன வயதில் சுட்ட குட்டித் துப்பாக்கி பரணில்தானே கிடக்கிறது, இந்த ஒரு தடவை அதை எடுத்துக்கொண்டால் என்ன? நோரீன் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே சொன்னாள். "எனக்கு எப்பவும் எது அடைக்கிறியோ அதையே அடை. குழந்தைத் துப்பாக்கியைக் காட்டினே, உன்னைத்தான் சுடுவேன்."

அதையே அடைத்தார். இருவரும் சுட்டுப் பழகுகிற ஜல்லிக் குழிக்குப் போய் நூறு கஜத்தில் குறி அட்டையை நட்டுவைத்தார்கள். நோரீன் குப்புறப் படுத்து ஒன்றே ஒன்று சுட்டாள். துப்பாக்கி தோளில் உதைத்ததும் அவள் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். பிறகு எழுந்து, வெயில் கண்ணில் அடிக்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றாள். வானம் மூடிக் கிடந்தது. மெரில் வானத்தைப் பார்க்காமல் வண்டியை எடுத்தார். வீட்டில் அவள் பாத்திரம் கழுவுகிற தொட்டி முன்னால் நின்று, குழாயைத் திறந்துவிட்டு, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு குனிந்திருந்ததைக் கதவிடுக்கில் பார்த்தார். உள்ளே போகவில்லை. போனால் அவள் நிமிர்ந்து சிரிப்பாள். அதைப் பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை.

அதற்கப்புறம்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். இலேசான குண்டை எடுத்தார். குறைத்துப் போட்டாலும் ஒழுங்காக எரிகிற வேறொரு வெடிமருந்தை எடுத்தார். பாதி உதைகூட வராத தோட்டாக்களை அடைத்து, தனியாகப் போய்ச் சுட்டுப் பார்த்தார். நூறு கஜத்தில் தாழ்வாகப் பட்டது. துப்பாக்கிமேல் குறிபார்க்க வைத்திருக்கிற ஸ்கோப்பின் திருகை மேலே திருப்பிச் சரிசெய்தார். அதுவரைக்கும் தப்பில்லை. பிறகு அந்தத் தோட்டாக்களை நோரீனின் பழைய பெட்டியில், பழைய நாடாவுக்குக் கீழே அடுக்கினார். நாடாவில் கனமான குண்டு, முழு வெடிமருந்து என்று அவர் கையெழுத்தே இருந்தது. அத்தனை வருஷத்தில் மெரில் எழுதியோ சொல்லியோ செய்த முதல் பொய் அது.

அடுத்த தடவை ஜல்லிக் குழியில் நோரீன் பல்லைக் கடித்துக்கொண்டுதான் படுத்தாள். சுட்டாள். திரும்பி மெரிலைப் பார்த்தாள். மறுபடி சுட்டாள், மறுபடி. காதடைப்பானைக் கழற்றி எறிந்துவிட்டு ஜல்லிமேல் மல்லாந்து கிடந்து சிரித்தாள். வலிக்கவே இல்லை, மெரில், வலிக்கவே இல்லை என்றாள். அட்டையில் எல்லாக் குண்டும் ஒரு சாசருக்குள் அடங்கின. வீட்டுக்கு வரும் வழியில் பாடிக்கொண்டே வந்தாள்.

தோட்டாவை ஒரு தரம் உற்றுப் பார்த்திருந்தால் போதும். குண்டின் முனை கொஞ்சம் குட்டை. அவள் பார்க்கவில்லை. முப்பது வருஷமாகப் பார்த்ததில்லை, இப்போது மட்டும் ஏன் பார்க்கப்போகிறாள்?

சத்தத்தில் கண்டுபிடித்தவன் டுவெய்ன். இன்னொரு நாள் குழிக்கு வந்தவன், மெரிலை ஓரங்கட்டி, "என்ன மச்சான், துப்பாக்கி கொட்டாவி விடுது?" என்று கேட்டான். மெரில் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். டுவெய்ன் அக்காவைப் பார்த்தான்; அவள் அட்டையைக் கையில் பிடித்துக் குதித்தபடி வந்துகொண்டிருந்தாள். அவனும் வாயை மூடிக்கொண்டான்.

மெரிலின் தூக்கம் போயிற்று. சங்கதி இதுதான். நூறு கஜம், நூற்றைம்பது கஜம் வரைக்கும் அந்தத் தோட்டா நம்பகமானது. அதைத் தாண்டினால் எறிந்த கல் மாதிரிச் சரியும். நோரீனுக்கு இது தெரியாது. தன் பழைய தோட்டா என்று நினைத்து முந்நூறு கஜத்தில் சுடுவாள். குண்டு நெஞ்சுக்குப் பதில் அடிவயிற்றிலோ காலிலோ படும். அந்த மான் இரண்டு மலை தாண்டிப் போய்ச் சாகும். நோரீன் அதைத் தன் கையின் குற்றம், தன் உடம்பின் குற்றம் என்றே நினைப்பாள். சொல்லிவிட வேண்டும். தினமும் காலையில் சொல்லிவிடத்தான் எழுந்தார். அவள் அடுப்படியில் பாடிக்கொண்டிருப்பாள், அல்லது விறகு வண்டியை யாரும் பார்க்காதபோது தானே தள்ளிக்கொண்டிருப்பாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே போய்விடுவார். இப்படியே வேட்டை தொடங்கும் நாள் வந்துவிட்டது.

டுவெய்ன் கழுதைகளோடு கீழே பாதை முனையில் காத்திருப்பதாக ஏற்பாடு. இருவரும் ஆரஞ்சு மேலங்கியைப் போட்டுக்கொண்டு, கணுக்கால் பனியில் மலை ஏறினார்கள். கிட்டத்தில் ஒன்று கிடைத்துவிட வேண்டும் என்று மெரில் வேண்டிக்கொண்டே நடந்தார். யாரிடம் வேண்டினார் என்று அவருக்கும் தெரியாது. வெயில் ஏறியதும் நோரீன் சட்டென்று குந்தினாள். பள்ளத்துக்கு அந்தப் பக்கச் சரிவில் ஒரு கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் கொழுத்த பெட்டை ஒன்று, படம் பிடிக்க நிற்கிற மாதிரி பக்கவாட்டில் நின்றது. நல்ல முந்நூறு கஜம்.

நோரீன் பையைக் கழற்றிப் பனியில் வைத்து, அதன்மேல் துப்பாக்கியைச் சாய்த்துப் படுத்தாள். மூச்சை நிதானமாக்கினாள். துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டு விடுபடுகிற சின்னச் சத்தம் கேட்டது.

"நோரி, சுடாதே."

அவள் கண்ணை ஸ்கோப்பிலிருந்து எடுக்கவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டாள்.

"உள்ள இருக்கிறது உன் தோட்டா இல்ல."

பூட்டை மறுபடி போட்டாள். எழுந்து உட்கார்ந்தாள். தோட்டாவை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்து முதல்முறையாகப் பார்த்தாள். மெரில் சொன்னார். என்ன குண்டு, என்ன வெடிமருந்து, ஸ்கோப்பை எவ்வளவு திருப்பினார், இந்தத் தூரத்தில் எங்கே போய்ப் படும், எல்லாவற்றையும் சொன்னார். அவர் வாழ்க்கையில் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அது. எதிர்ச்சரிவில் கூட்டம் ஏதோ வாடை பிடித்து ஒன்றன்பின் ஒன்றாக மேட்டைத் தாண்டிப் போனது. இருவரும் பார்க்கவில்லை.

"நாடால அப்படி எழுதலியே," என்றாள் நோரீன்.

"இல்ல."

"வலிக்கவே இல்லன்னு சொன்னேனே, அன்னைக்குக் குழியிலேர்ந்து வந்ததும் நான் கண்ணாடி முன்னாடி நின்னேன், மெரில். சட்டையக் கழட்டிட்டு. ஏப்ரல்லேர்ந்து நான் பார்க்கவே இல்ல, தெரியுமா? அன்னைக்குத்தான் பார்த்தேன். இந்த உடம்பப் பார்த்து, பரவால்ல, நீ தேறிட்டேன்னு சொன்னேன்." குரல் உடைந்தது. "உன் பவுடருக்கா சொல்லிட்டு இருந்தேன்?"

மெரிலுக்குத் தொப்பியைத் தொடக்கூடக் கை வரவில்லை. "தொட்டியாண்ட நீ கையப் பிடிச்சிட்டு நின்னியே, அதைப் பார்த்தேன். என்னால தாங்க முடியல, அவ்ளோதான். அப்புறம் நீ சிரிச்சே. அதுக்கப்புறம் சொல்ல வாய் வரல."

நோரீன் பையைத் திறந்தாள். காலையில் கட்டிக்கொண்டு வந்த, கறி அடைத்த பாஸ்டி ரொட்டி இரண்டில் ஒன்றை எடுத்து, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்றாள். மற்றதை நீட்டவில்லை. கறியும் உருளைக்கிழங்கும் மணக்க மணக்க அவள் தின்று முடிக்கும்வரை மெரில் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான காலம் முதல் அவர் பட்டினியாக உட்கார்ந்திருக்க அவள் மட்டும் சாப்பிட்டது அன்றுதான்.

"வலிக்காம செஞ்சது நான்தான்," என்றார் கடைசியில், அவள் முதுகைப் பார்த்து. "எல்லாத்தையும் ஒரு சாசருக்குள்ள வச்சது நான் இல்ல, நோரி. அது பவுடர் செய்யாது."

அவள் திரும்பவில்லை. கையுறையில் ஒட்டிய துணுக்கைத் தட்டிவிட்டாள். பிறகு, எவ்வளவு தூரம் வரைக்கும் போகும் என்று கேட்டாள்.

"நூத்தம்பது. அதுக்குள்ளன்னா உன் பழசு மாதிரியேதான். சத்தியமா."

"சத்தியம் வேற பண்றியா நீ."

மெரில் பையில் கைவிட்டுப் பழைய தோட்டாக்களில் சிலவற்றை எடுத்தார். அவற்றையும் கொண்டுவந்திருந்தார், ஸ்கோப்பை எவ்வளவு திரும்பத் திருப்ப வேண்டும் என்பதும் மனப்பாடம். நீயே முடிவு பண்ணு என்று அவற்றை நீட்டினார். நோரீன் அந்தக் கனமானதில் ஒன்றைக் கையில் எடுத்தாள். வலது தோளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். முகம் லேசாகச் சுருங்கியது. இந்தத் தடவை அதை அவரிடமிருந்து மறைக்கவில்லை. கனமானதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இலேசானதைத் துப்பாக்கிக்குள் தள்ளினாள். இரண்டாவது பாஸ்டியை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"சீக்கிரம் தின்னு. கிட்டப் போகணும்."

மேட்டைச் சுற்றி, காற்று முகத்தில் அடிக்கிற பக்கமாகப் போனார்கள். பைன் மரங்களுக்கு நடுவே கூட்டம் படுத்திருந்தது. கடைசித் தூரத்தை ஊர்ந்துதான் போக வேண்டியிருந்தது. வலது முழங்கை ஊன்றவில்லை. நோரீன் இடது கையாலேயே உடம்பை இழுத்து, கொஞ்சம் போய், நெற்றியைப் பனியில் வைத்து இளைப்பாறி, மறுபடி இழுத்தாள். மெரில் பின்னால் ஊர்ந்தார். அவள் காலைப் பிடித்துத் தள்ளிவிடக் கை பரபரத்தது. கையை அடிவயிற்றுக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டார். அவருக்கு அதைவிடக் கஷ்டமான வேலை அந்த மலையில் வேறு இருக்கவில்லை.

விழுந்து கிடந்த ஒரு மரத்தை எட்டியபோது, ஓரத்துப் பெட்டை எழுந்து நின்று உடம்பை நெளித்தது. எண்பது கஜம் இருக்குமோ என்னவோ. அது மூச்சுவிடும் புகை தெரிந்தது. நோரீன் மரத்தின்மேல் துப்பாக்கியை வைத்தாள். காத்திருந்தாள். அது தலையைத் திருப்பிப் பக்கவாட்டில் நின்ற நேரம், கொட்டாவி மாதிரி ஒரு சத்தம். பெட்டை ஏதோ மறந்துவிட்டதைப் போல நாலைந்து அடி நடந்தது. முன்னங்கால் மடங்கியது. அவ்வளவுதான், மறுபடி எழவில்லை.

நோரீன் போய் அதன் கழுத்தில் கையை வைத்து உட்கார்ந்தாள். சூடு அடங்கும்வரை தடவிக்கொண்டே இருந்தாள். மெரில் கொஞ்சம் தள்ளி நின்றார். கூப்பிட்டால் போகலாம் என்று நின்றார். கூப்பிட்டாள். இரண்டு பேருமாகத் தோலை உரித்து, கறியைத் துண்டுபோட்டுக் கிளையில் தொங்கவிட்டார்கள்.

சத்தம் கேட்டுக் கழுதைகளோடு ஏறிவந்த டுவெய்ன், மரத்தையும் மான் விழுந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தான். இவ்வளவு கிட்ட வந்தா சுட்டாய், இதற்குப் பேசியே கொன்றிருக்கலாமே என்றான்.

"என் தோட்டா அவ்ளோதான் போகும்," என்றாள் நோரீன். "என் தோளுக்குன்னு மெரில் அடைச்சது."

அதைக் குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள். டுவெய்ன் கழுதையின் சேணத்தை இறுக்குவது போலக் குனிந்துகொண்டான். பிறகு நிமிர்ந்து, ஒரு தொடையை அக்காவிடம் கொடுத்து, நீயே ஏற்று என்றான். அவள் முனகிக்கொண்டே ஏற்றினாள். அவன் பிடுங்கவில்லை.

கறியை டிரக்கில் போட்டு, டுவெய்னை அனுப்பிவிட்டு, இருவரும் பள்ளத்தாக்குச் சாலையில் இறங்கினார்கள். வெயில் இன்னும் மலைமேல் இருந்தது. நோரீன் ஹீட்டர் முன்னால் விரல்களைக் காட்டிக்கொண்டிருந்தாள். கோபம் முழுக்கப் போய்விடவில்லை. அது அவள் உட்கார்ந்திருந்த வாட்டத்திலேயே தெரிந்தது. மெரில் அதற்கும் தயாராகத்தான் ஓட்டினார். ஒரு வாரம் பேசாவிட்டாலும் சரி, குளிர்காலம் முழுக்கப் பேசாவிட்டாலும் சரி.

"அடுத்த வருஷம் கொஞ்சம் பவுடர் கூட்டு," என்றாள் நோரீன், வெளியே பார்த்தபடி. "ரொம்ப வேணாம். அதுக்கடுத்த வருஷம் பழசுக்கே போயிடலாம்."

ஏப்ரலிலிருந்து அந்த வீட்டில் யாரும் அடுத்த வருஷம் என்று சொன்னதில்லை. டாக்டர் சொல்லவில்லை. கார்லா போனில் சொல்லவில்லை. மெரில் மனசுக்குள்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை, பயம். இவளோ ஒன்றுக்கு இரண்டாக வருஷங்களை எடுத்து, கறிக்குழம்புக்கு உப்புச் சொல்வது மாதிரிச் சொல்லிவிட்டாள்.

மெரில் வண்டியை ஓரங்கட்டினார். எத்தனையோ புயலில் நடுவழியில் நிற்காமல் பனி தள்ளியவர். வறண்ட சாலையில் வண்டியை நிறுத்தியது அதுவே முதல் தடவை.

"டயரா?" என்றாள் நோரீன்.

இல்லை என்று தலையை ஆட்டினார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். அவருக்கு அழுது பழக்கமில்லை. சத்தம் எங்கே விடுவது, மூச்சு எங்கே விடுவது என்று தெரியாமல் தடுமாறினார். நோரீன் இருக்கையில் நகர்ந்து வந்து, அவர் முதுகில் வலது கையை வைத்தாள். அந்தக் கை அவ்வளவு உயரத்துக்கு ஏற வலித்திருக்கும். எடுக்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்து அவர் முதுகைத் தட்டினாள். "சரி, கிளம்பு. கறி கெட்டுப்போகும்."

வெளியே எச்சில் துப்பினால் உறைகிற குளிர். அந்தக் கறி ஒரு வாரம் ஆனாலும் கெடாது. இருந்தாலும் மெரில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.